வாளியில் அளந்த புழுக்கம்

கடலோர ஊருக்குக் குடிவந்த பிறகு வந்த முதல் கோடையின் மூன்றாவது வாரம். எதையோ தேடி அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தால், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று கடைசியாகப் போட்ட கருப்பு ஷூ சாம்பல் பூத்துக் கிடக்கிறது. தொட்டால் விரலில் மாவு போல ஒட்டியது. பக்கத்திலிருந்த பெல்ட், பழைய ஆல்பத்தின் அட்டை, கம்பளிச் சட்டையின் கழுத்து, எல்லாவற்றிலும் அதே பூசணம். அறையில் ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது, 24 டிகிரியில். அப்படியும் படுக்கை விரிப்பு நமுத்துப்போய் இருந்தது, கதவு ஊறி நிலையில் சிக்கியது, தரையில் நடந்தால் பாதம் ஒட்டி ஒட்டி வந்தது.

நானும் மனைவியும் வேலை பார்த்த காலம் முழுக்க உள்நாட்டில், காய்ந்த வெயில் அடிக்கிற ஊர்களில் இருந்தவர்கள். 40 டிகிரியெல்லாம் பழகிப்போனது. ஓய்வுக்குப் பிறகு கடலோரம் போகலாம் என்று முடிவு செய்தபோது அந்த ஊரின் கோடை வெப்பநிலையைப் பார்த்தோம், 31, 32 என்று இருந்தது, இது என்ன பெரிய வெயில் என்று பெட்டியைக் கட்டிவிட்டோம். தமிழில் வெயில், வெக்கை, புழுக்கம் என்று தனித்தனியாகச் சொல் இருப்பது சும்மா இல்லை. மூன்றும் மூன்று வியாதி, மருந்தும் வேறு வேறு. வெயிலுக்கான மருந்தை வைத்துக்கொண்டு புழுக்கத்தோடு ஒரு கோடை முழுக்க மல்லுக்கட்டினோம். இரண்டு வருடமாக என்னென்ன செய்தேன், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை ஒரு நோட்டில் எழுதி வந்தேன். இதேபோல வீடு மாற யோசிப்பவர்களுக்கு உதவும் என்று அதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது ஒரு டிஜிட்டல் ஈரப்பத மீட்டர். அதை நம்பலாமா என்று பார்க்க உப்புச் சோதனை செய்தேன். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்கு வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டும். உப்பு கரைந்துவிடக் கூடாது. அதையும் மீட்டரையும் ஒரு ஜிப் பையில் காற்றோடு சேர்த்து மூடி எட்டு மணி நேரத்துக்கு மேல் அப்படியே விட வேண்டும். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் போய் நிற்கும், அது உப்பின் குணம். என் மீட்டர் 81 காட்டியது. ஆக எப்போதும் 6 குறைத்துப் படிக்க வேண்டும். பின்னால் வாங்கிய இன்னொன்று 74 காட்டியது. இந்தச் சோதனை செய்யாமல் எந்த மீட்டரையும் நம்பி எதற்கும் செலவு செய்யாதீர்கள்.

மீட்டர் வந்த பிறகு முதல் பெரிய பாடம் இரவு ஜன்னலைப் பற்றியது. பழைய ஊரில் மாலை ஆனால் ஜன்னல்களைத் திறந்துவிடுவோம், வீடு குளிர்ந்துவிடும், காலையில் மூடிவிடுவோம். இங்கேயும் அதையே செய்துகொண்டிருந்தோம். வெளியே ஒரு நாள் மதியம் அளந்தேன்: 31 டிகிரி, 70 சதவீதம். அன்று இரவு 2 மணிக்கு எழுந்து அளந்தேன்: 26 டிகிரி, 95 சதவீதம். பார்த்தால் இரவில் ஈரம் ஏறிவிட்டது போலத் தெரிகிறது. உண்மையில் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. காற்றில் இருக்கும் தண்ணீரின் அளவு இரண்டு நேரத்திலும் ஒன்றேதான்.

இதைத் தெரிந்துகொள்ளப் பனிப்புள்ளி என்ற கணக்கு வேண்டும். காற்றை எந்த டிகிரி வரை குளிர்வித்தால் அதிலிருக்கும் ஈரம் தண்ணீராக உதிரத் தொடங்குமோ அதுதான் பனிப்புள்ளி. குளிர்ந்த தண்ணீர்க் குவளையின் வெளிப்பக்கம் வியர்க்கிறதே, அதே சங்கதி. மனக்கணக்காகப் போட ஒரு வழி உண்டு: 100இலிருந்து ஈரப்பத சதவீதத்தைக் கழித்து 5ஆல் வகுத்து, வருவதை வெப்பநிலையிலிருந்து கழிக்க வேண்டும். மதியம்: 100 கழித்தல் 70, முப்பது, ஐந்தால் வகுத்தால் 6, 31இலிருந்து கழித்தால் 25. இரவு: 5ஐ ஐந்தால் வகுத்தால் 1, 26இலிருந்து கழித்தால் 25. இரண்டும் 25! ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல் இருக்கும்வரை இந்தக் கணக்கு ஒரு டிகிரி முன்னேபின்னே சரியாக வரும், கடலோரத்தில் 50க்குக் கீழே வெளிக்காற்றை நான் பார்த்ததே அபூர்வம்.

பனிப்புள்ளி 16க்குக் கீழே இருந்தால் உடம்புக்குச் சுகம், 21ஐத் தாண்டினால் பிசுபிசுப்பு, 24க்கு மேல் போனால் மூச்சே கனக்கிற மாதிரி இருக்கும். எங்கள் வெளிக்காற்று நாள் முழுக்க 25. இரவில் ஜன்னலைத் திறந்தபோது குளிர்ச்சி உள்ளே வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், வந்தது தண்ணீர். எங்கள் படுக்கையறை சுமார் 42 கன மீட்டர். உள்ளே பனிப்புள்ளி 16 என்று வைத்துக்கொண்டால், அதன் காற்று ஒரே ஒரு தடவை முழுக்க வெளிக்காற்றாக மாறினாலே கிட்டத்தட்ட 400 மில்லி தண்ணீர் கூடுதலாக ஆவி வடிவில் உள்ளே வந்து மெத்தையிலும் சுவரிலும் துணியிலும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. மறுநாள் முழுக்க ஏசி அதைத்தான் பிழிந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து கோடையில் இரவு ஜன்னல் மூடல்தான். வெளியே பனிப்புள்ளி 17க்குக் கீழே இறங்கினால் மட்டும் திறப்போம், அது கோடை போன பிறகு வருகிற சுகம்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உள்ள நிலைமை இல்லை. அமெரிக்காவின் ஃப்ளோரிடா, ஜப்பானின் ஒகினாவா, தென்னாப்பிரிக்காவின் டர்பன், ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் தென்கிழக்குக் கரை என்று இந்த மாதிரிக் கரைகள் எல்லாவற்றிலும் கோடைக் காற்று வெதுவெதுப்பான கடலைத் தொட்டுக்கொண்டு வருகிறது. பனிப்புள்ளியைக் கடல்நீரின் சூடுதான் தீர்மானிக்கிறது. கடல் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும், அதனால் சூரியன் உச்சிக்கு வந்து போன பிறகும் ஒன்றிரண்டு மாதம் கழித்துத்தான் புழுக்கம் உச்சத்தைத் தொடும். கோடை முடிகிறது என்று நாள்காட்டி சொல்லும்போதுதான் எங்களுக்கு மோசமான வாரங்கள் வந்தன. வீடு பார்க்கப் போகிறவர்கள் அந்த வாரங்களில் ஒரு தடவை போய் பத்து நாளாவது தங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நாங்கள் குளிர்காலத்தில் போய்ப் பார்த்தோம், அப்போது அது சொர்க்கம்.

சரி, ஏசிக்கு வருகிறேன். நிறைய நேரம் போனது இதில்தான்.

படுக்கையறையில் 2 டன் ஏசி. வீட்டை வாங்கியபோதே புதிதாகப் போட்டது. மாட்டிக்கொடுத்தவர் பெரியதாக இருந்தால் சீக்கிரம் குளிரும் என்றார், நானும் தலையாட்டினேன். குளிரவும் செய்தது. மனைவிதான் முதல் வாரமே சொன்னாள், "என்னங்க, குளிருது, ஆனா காய மாட்டேங்குது. ஈரத்துணிக்குள்ள படுத்திருக்கிற மாதிரி இருக்கு." அவள் சொன்னது அப்பட்டமான உண்மை. மீட்டர் 24 டிகிரி, 75 சதவீதம் காட்டியது, பனிப்புள்ளி 19.

கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து கவனித்தேன். கம்ப்ரசர் ஆறு நிமிடம் ஓடும், நிற்கும், எட்டு நிமிடம் கழித்து மறுபடி ஓடும். ஏசிக்குள் காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள், அதாவது காயில் (coil), குளிர்ந்து, அதன் மேல் ஈரம் படிந்து, துளிகள் திரண்டு, தட்டில் வழிந்து குழாய் வழியாக வெளியே வரப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது. இங்கே அந்தத் தண்ணீர் முழுசாக வடிவதற்குள் அறை குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடுகிறது. ஆனால் உள்ளே இருக்கும் ஃபேன் நிற்பதில்லை. அது ஈரமான காயில் மேல் ஊதி, படிந்த தண்ணீரை மறுபடியும் ஆவியாக்கி அறைக்கே திருப்பித் தந்துகொண்டிருந்தது. அறைக்குத் தேவை 1 டன், மாட்டியது 2 டன், அதனால் வந்த வினை.

ஏசி என்பதே ஈரத்துக்காகப் பிறந்த இயந்திரம் என்று பிறகு படித்தேன். 1902இல் வில்லிஸ் கேரியர் அதை வடிவமைத்தது நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்துக்காக. கோடையில் தாள் ஈரத்தை இழுத்து ஊதி, அடுத்த வண்ணத்தை அச்சடிக்கும்போது இடம் விலகிப்போனது. அச்சகக் காற்றின் ஈரத்தைக் கட்டுக்குள் வைப்பதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அந்த இயந்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு நாங்கள் டிகிரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஏசி எவ்வளவு தண்ணீரை எடுக்கிறது என்று தெரிய வேண்டுமே. வெளியே டிரெயின் பைப்பின் கீழ் ஒரு வாளியை வைத்தேன். இரவு 10 மணிக்கு ஏசியைப் போட்டு, முதல் மணி நேரத்தை விட்டுவிட்டு, 11 மணியிலிருந்து 12 வரை சேர்ந்ததை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தேன். 350 மில்லி. மூன்று இரவு பார்த்தேன், 340, 360, 350. டார்ச் வெளிச்சத்தில் வாளியின் அடியில் அந்தத் தண்ணீர் சுத்தமாக, சில்லென்று இருந்தது. இவ்வளவு தண்ணீரும் ஒரு மணி நேரம் முன்பு நாங்கள் மூச்சாக இழுத்த காற்றில் இருந்தது என்று நினைத்தபோதுதான் இந்த வேலையை விடக் கூடாது என்று எனக்குள் பிடிவாதம் வந்தது.

முதல் மாற்றம் காசு செலவில்லாதது. ஏசியின் ஃபேன் வேகத்தைக் குறைந்ததில் வைத்தேன். காற்று மெதுவாகப் போனால் காயில் இன்னும் குளிரும், ஈரம் கூடுதலாகப் படியும். அப்புறம் கம்ப்ரசர் நிற்கும்போது ஃபேனும் நிற்கும்படி அமைப்பை மாற்றினேன். எல்லா ஏசியிலும் இது இருக்காது, இருந்தால் கையேட்டில் தேடிப் போட்டுவிடுங்கள். சிலவற்றில் ட்ரை மோட் என்று இருப்பது கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்கிறது. ஃபில்டரைக் கழுவினேன், டிரெயின் பைப்பில் பாசி அடைத்துப் பாதி தண்ணீர் தட்டிலேயே தேங்கியிருந்தது, அதையும் குத்தி எடுத்தேன். அன்று இரவு வாளியில் 600 மில்லி. மீட்டரில் 24 டிகிரி, 66 சதவீதம், பனிப்புள்ளி 17. ஒரு வாரம் ஆனதும் வாளி 450இல் நிலைத்தது. ஏதோ கெட்டுவிட்டதோ என்று பார்த்தால் மீட்டர் ஏறவில்லை. முதல் சில இரவுகளில் வந்த கூடுதல் தண்ணீர் மெத்தையிலும் சுவரிலும் மாதக்கணக்கில் ஊறிக் கிடந்தது, அது வெளியேறித் தீர்ந்திருக்கிறது.

அடுத்தது ஓட்டைகள். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு, ஜன்னல் விளிம்பு, கதவின் அடி, ஸ்விட்ச் பெட்டி, ஏசி பைப் சுவருக்குள் போகும் துளை என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் பிடித்தேன். நேராக எழும் புகை எங்கே உள்பக்கமாக வளைகிறதோ அங்கேதான் வெளிக்காற்று நுழைகிறது. ஏசி பைப் துளையைச் சுற்றி இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருந்தது, வெளியே பூச்சு உதிர்ந்து உள்ளே வெறும் செய்தித்தாள் அடைத்திருந்தார்கள். நுரைப் பசை ஊற்றி, வெளிப்பக்கம் சிமென்ட் பூசினேன். ஜன்னல் சட்டங்களுக்கு ரப்பர் பட்டை, கண்ணாடி ஓரத்துக்கு சிலிக்கான், கதவுக்கு அடியில் தூரிகைப் பட்டை. எக்ஸாஸ்ட் ஃபேனை முன்பு நாள் முழுக்க ஓட விடுவோம், ஈரம் போகட்டும் என்று. அது வெளியே தள்ளும் ஒவ்வொரு மூச்சுக் காற்றுக்கும் பதிலாக வேறெங்கோ ஒரு இடுக்கு வழியாக 25 பனிப்புள்ளிக் காற்று உள்ளே வரத்தான் செய்யும். இப்போது குளித்து முடித்து இருபது நிமிடம் மட்டும். ஒரு எச்சரிக்கை: கேஸ் அடுப்போ கேஸ் கீசரோ இருக்கும் அறையை இப்படி இறுக்கி அடைக்காதீர்கள், அங்கே காற்றோட்டம் உயிர் சம்பந்தப்பட்டது.

இந்த வேலை முடிந்ததும் வாளியில் 230 மில்லி. பாதியாகக் குறைந்துவிட்டதே என்று முதல் இரவு கலங்கினேன். மீட்டரைப் பார்த்தேன், 60 சதவீதம், பனிப்புள்ளி 16. ஏசி சோம்பேறி ஆகவில்லை, பிழிவதற்கு உள்ளே வரும் தண்ணீரே குறைந்துவிட்டது. அதனால் வாளியை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது, மீட்டரையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதினேன்.

கட்டில் தலைமாட்டுச் சுவரில் பிளாஸ்டிக் வால்பேப்பர் ஒட்டியிருந்தது, முந்தைய உரிமையாளர் வேலை. அதன் ஒரு மூலை உப்பியிருந்ததை மெல்ல இழுத்தேன். பின்பக்கம் கரும்புள்ளிகள், இடையிடையே இளஞ்சிவப்புத் திட்டுகள், ஒரு கெட்ட வாடை. அது வெளிச்சுவர். வெளியிலிருந்து ஈரம் சுவருக்குள் ஊடுருவி உள்ளே வருகிறது, ஏசியால் குளிர்ந்த பிளாஸ்டிக்கின் முதுகில் முட்டி நீராகிறது, போக வழியில்லாமல் அங்கேயே பூஞ்சை வளர்க்கிறது. குளிர்ந்த நாடுகளில் சுவரின் உள்பக்கம் ஈரத் தடுப்பு வைப்பார்கள், வெக்கையும் ஈரமும் உள்ள கரையில் அதே வேலை தலைகீழாகப் போய்விடும். மாஸ்க், கையுறை போட்டுக்கொண்டு முழுவதையும் உரித்தேன். சோப்புத் தண்ணீரால் தேய்த்து, மூன்று வாரம் காய விட்டு, ஈரம் மூச்சுவிடக்கூடிய சுண்ணாம்புப் பூச்சு அடித்தேன். தலைமாட்டில் படுத்தபடி மாதக்கணக்கில் அந்தக் காற்றைத்தான் சுவாசித்தோம் என்பதும், மனைவியின் காலை இருமல் அடுத்த மாதமே குறைந்ததும், இன்றைக்கும் எனக்கு மனதை அறுக்கிற விஷயம். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கையகலம் தள்ளிப் போட்டு, கதவில் துளைகள் போட்டேன். அதற்குப் பிறகு ஷூவில் பூசணம் இல்லை.

வெயில் பக்கம் செய்த வேலைகளும் உண்டு. இந்தப் பகுதிகளில் நடுக்கோடை மதியத்தில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்கும், அதனால் அடிப்பது கூரையும் மேற்கு ஜன்னலும்தான். மேற்கு ஜன்னலுக்கு உள்ளே கனமான திரை போட்டிருந்தோம். மாலை 4 மணிக்கு இன்ஃப்ராரெட் வெப்பமானியை அதன் மேல் காட்டினால் 41. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட பிறகு திரை என்ன செய்யும், சூடாகி ஹீட்டர் மாதிரி நிற்கும். வெளியே, கண்ணாடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, மூங்கில் தட்டியைச் சுருட்டி இறக்கும்படி கட்டினேன். அதே திரை, அதே நேரம், 31. இரண்டு மணி நேர வேலை, நான் செய்ததிலேயே இதற்குத்தான் பலன் அதிகம்.

கூரை அவ்வளவு சுலபமாக அடங்கவில்லை. கான்கிரீட் தளம் பகலில் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் நமக்குத் திருப்பித் தருகிறது. இரவு 9 மணிக்கு உட்கூரை 37 டிகிரி. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு வாங்கி, மழை விட்ட இரண்டாம் நாள் ஆசையாக அடித்தேன், தளம் பார்வைக்குக் காய்ந்துதான் இருந்தது. பத்து நாளில் அப்பளம் போலக் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. தளத்துக்குள் இருந்த ஈரம் வெயிலில் ஆவியாகிப் பூச்சைக் கீழிருந்து தள்ளியிருக்கிறது. முழுவதையும் சுரண்டி எடுத்தேன், முதுகு ஒரு வாரம் பேசவில்லை. அடுத்த தடவை ஒரு சதுர பிளாஸ்டிக் தாளைத் தளத்தில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு இரவு விட்டேன். காலையில் தாளுக்கு அடியில் துளித்துளியாகத் தண்ணீர். நான்கு நாள் கழித்து மறுபடி, மறுபடி, மூன்றாவது சோதனையில்தான் தாள் சுத்தமாக இருந்தது. அப்புறம் அடித்த பூச்சு இன்றுவரை அசையவில்லை. மதியம் 2 மணிக்கு மேல்தளம் 58இலிருந்து 39க்கு வந்தது, இரவு உட்கூரை 32. ஆனால் வெள்ளை வெள்ளையாக இருக்க வேண்டும், வருடம் ஒரு தடவை பாசியைத் தேய்த்துக் கழுவாவிட்டால் பலன் பாதியாகிவிடும்.

இங்கேதான் நான் கொஞ்சமும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கூரையும் ஜன்னலும் சரியானதும் வீட்டுக்குள் ஈரம் மறுபடியும் ஏறியது. சூடு குறைந்துவிட்டதால் அந்த 2 டன் ஏசி இன்னும் குறைவாக ஓடியது, ஓடாத ஏசி ஈரத்தை எடுக்காது. மழை நாட்களில் வெளியே 26 டிகிரிதான், ஏசிக்கு வேலையே இல்லை, உள்ளே 72 சதவீதம். ஒரு வாரம் தலையைப் பிடித்துக்கொண்டு யோசித்துவிட்டு இரண்டு காரியம் செய்தேன். 2 டன்னைப் பெரிய ஹாலுக்கு மாற்றி, படுக்கையறைக்கு 1 டன் இன்வெர்ட்டர் ஏசி. நடைவழியில் காற்றிலிருந்து ஈரத்தை மட்டும் பிழிந்தெடுக்கும் டிஹியூமிடிஃபையர் ஒன்று, அதன் தண்ணீரை ஒரு ஹோஸ் வழியாகக் குளியலறைக்கு விட்டேன், தொட்டியைத் தினமும் தூக்கிக் கொட்டுவது இந்த வயதில் நீடிக்காது. வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். பெட்டியில் ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர் என்று போட்டிருப்பது பல சமயம் 30 டிகிரி, 80 சதவீதத்தில் அளந்தது. நாம் வைத்திருக்க விரும்பும் அறையில் அதில் பாதி வந்தாலே அதிகம். இன்னொன்று, அது அறையைச் சூடாக்கும். ஒரு லிட்டர் ஆவியைத் தண்ணீராக்கினால் சுமார் 0.7 யூனிட் மின்சாரம் எரித்த அளவுக்குச் சூடு வெளியாகும், அதோடு இயந்திரம் இழுக்கும் மின்சாரமும் சூடாகத்தான் முடியும். அதனால் தூங்கும் அறையில் வைக்கவில்லை.

இப்போது 26 டிகிரி, 55 சதவீதம், மேலே சீலிங் ஃபேன் மெதுவாக. முன்பு 22இல் வைத்தும் கிடைக்காத தூக்கம் இதில் கிடைக்கிறது. ஃபேன் அறையைக் குளிர்விக்காது, தோலைத்தான் குளிர்விக்கும், ஆளில்லாத அறையில் அதை ஓட விடுவதில் பயன் இல்லை.

உப்புக் காற்று தனிப் பிரச்சினை. ஏசியின் வெளி யூனிட்டில் அலுமினியத் தகடுகள் ஒரே வருடத்தில் வெள்ளைப் பொடியாக உதிர ஆரம்பித்தன. மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, மாதம் இரண்டு தடவை நல்ல தண்ணீரை மெல்லிய தூறலாகத் தெளித்துக் கழுவுகிறேன், அழுத்தமாகப் பீய்ச்சினால் தகடு மடங்கிவிடும். ஆணி, திருகு, தாங்கி எல்லாவற்றுக்கும் 316 வகை எவர்சில்வர். 304 வகை கடல் பக்கத்தில் ஒரு மழைக்காலத்துக்குள் பழுப்புக் கறை பிடித்துவிட்டது.

வீட்டைச் சரிசெய்துகொண்டிருந்த நேரத்தில் உடம்பையும் சரிசெய்ய வேண்டியிருந்தது. முதல் மாதம், காலை 11 மணிக்குத் தோட்டத்தில் குழி தோண்டிக்கொண்டிருந்தேன். வியர்வை ஊற்றியது, ஆனால் ஒரு சொட்டும் காயவில்லை, சட்டை தண்ணீரில் முக்கிய மாதிரி. திடீரென்று காது அடைத்து, கண் இருட்டி, மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். மனைவி ஓடிவந்து நிழலுக்கு இழுத்து, தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றி, ஃபேனைப் போட்டாள். அரை மணியில் தெளிந்தது. பேச்சு குழறியிருந்தாலோ, உளறியிருந்தாலோ, உடம்பு தீயாகக் கொதித்திருந்தாலோ அது வெப்பத்தாக்கு, உடனே ஆம்புலன்ஸ், வரும்வரை தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதை வீட்டில் இருவருக்கும் மனப்பாடம் ஆக்கி வைத்திருக்கிறோம்.

வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை, வியர்வை காய்வதுதான் குளிர்விக்கிறது. ஈரக் காற்றில் அது காயாது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். அது 35ஐத் தாண்டி நெடுநேரம் நீடித்தால் எவராலும் தாங்க முடியாது என்று 2010இல் வந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. 2022இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளம் ஆரோக்கியமானவர்களை வைத்து அளந்தபோது ஈரக் காற்றில் 31க்குப் பக்கத்திலேயே உடல் சூடு கட்டுப்பாடு இல்லாமல் ஏறத் தொடங்கியது. எங்கள் வழக்கமான மதியம் 26, 27. இளையவர்களின் எல்லையே அவ்வளவு அருகில் இருந்தால், வியர்வை தாமதமாகச் சுரக்கிற, தாகம் சரியாகத் தெரியாத எங்கள் வயதில் இன்னும் கவனம் வேண்டும். உடம்பு புதிய புழுக்கத்துக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும், அந்த நாட்களில் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். சில வாரம் குளிர் ஊருக்குப் போய் வந்தால் அந்தப் பழக்கம் போய்விடும், மறுபடி முதலிலிருந்து. நான் இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவன், மருத்துவரிடம் போய்க் கோடைக்கான அளவைக் கேட்டுவந்தேன். மாத்திரை எடுப்பவர்கள் வீடு மாறும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வெளி வேலை எல்லாம் இப்போது விடியலில். ஈரப்பத சதவீதம் அப்போதுதான் அதிகம் என்று தயங்கத் தேவையில்லை, காற்றில் உள்ள தண்ணீர் அதேதான், சூடு மட்டும் குறைவு, வெயிலும் இல்லை.

புயல் சீசனும் இதே மாதங்களில்தான் வருகிறது, மின்சாரம் இரண்டு நாள் போனது ஒரு தடவை. பேட்டரி ஃபேன், ஈரத்துணி, கைகால்களைத் தண்ணீரில் வைத்துக்கொள்வது, இவ்வளவுதான் செய்ய முடிந்தது. 40 டிகிரிக்குக் கீழே இருக்கும்வரை ஃபேன் உதவும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. மருந்துகளை வைக்கத் தனி ஐஸ் பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறோம். ஜெனரேட்டர் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன், எதுவானாலும் அது வீட்டுக்குள் ஓடக் கூடாது.

இரண்டாவது கோடையின் மோசமான வாரம் போன வாரம் முடிந்தது. நோட்டில் வெளிப் பனிப்புள்ளி 26 என்று இரண்டு நாள் எழுதியிருக்கிறேன், உள்ளே 17ஐத் தாண்டவில்லை. படுக்கையறைக் கதவு மட்டும் பாக்கி. முதல் கோடையில் அது ஊறி மூட முடியாமல் போனபோது தச்சரை வரவழைத்து ஓரத்தை இழைக்கச் சொன்னேன். வீடு காய்ந்ததும் கதவும் காய்ந்து சுருங்கி, இப்போது பூட்டுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரு நீண்ட இடைவெளி. ஊதுபத்திப் புகை அங்கே வளைகிறது. கோடையில் கதவை இழைக்காதீர்கள், வீடு காயும்வரை பொறுங்கள். அகலமான ரப்பர் பட்டை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், நாளை விடிந்ததும் ஒட்ட வேண்டும்.